ஸ்கேனில் ஒன்றும் இல்லை

1994 ஆவணியின் முதல் முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு என் தங்கையும் அவள் கணவரும் மொபெட்டில் சோமனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தேங்காய்ப் பை, இன்னொரு கையில் சேலை முந்தானை. வழியில் ஒரு ஊர்க்காரர்கள், தங்கள் ஊரில் யாரோ அடிபட்ட கோபத்தில், அந்த வாரம்தான் சாலைக்குக் குறுக்கே ஜல்லியைக் கொட்டி வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை. வண்டி எகிறியது. மாப்பிள்ளை எப்படியோ காலை ஊன்றி நின்றுவிட்டார். என் தங்கை மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை தார்ச்சாலையில் அடித்தது.

ரத்தம் வரவில்லை. அதைத்தான் எல்லோரும் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "ஒரு சொட்டு ரத்தம் வரலீங்க, சாமி புண்ணியம்." ரத்தம் வந்திருக்கலாம் என்று நான் பலமுறை ஆத்திரத்தோடு நினைத்திருக்கிறேன். நாலு தையலும் ஒரு கட்டும் இருந்திருந்தால், அந்தக் கட்டுக்காவது அவர்கள் மரியாதை கொடுத்திருப்பார்கள்.

சிறிது நேரம் நினைவில்லாமல் கிடந்தாள். பிறகு தானே எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லீங்க, போலாமுங்க" என்றாள். அதன்பிறகு வழிநெடுக, "நாம எங்க போயிட்டு வாரோமுங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னார். பயந்துபோய் அவர் சோமனூருக்குத் திரும்பாமல் நேரே விட்டார். சூலூர் வருவதற்குள் இரண்டுமுறை வாந்தி எடுத்தாள். அங்கிருந்து காரில் கோவைக்குக் கொண்டுவந்தார்கள். சிங்காநல்லூரில் ஒரு மில்லின் டைம் ஆபீஸில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த வருஷங்களில் எங்கே போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் கோபம் குறையவில்லை, அகலமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

டாக்டர் ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரத்தக்கசிவு இல்ல. எலும்பும் நல்லா இருக்குது. ஸ்கேன்ல ஒண்ணுமில்லீங்க. கூட்டிட்டுப் போலாம்."

"லைட்டைப் பார்க்க முடியலைங்கறாளுங்க. கேட்டதையே கேக்கறாளுங்க" என்றேன்.

"பயந்துட்டாங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

தங்கையின் மாமியார் முன்னால் வந்து கேட்டார். "ஊட்டு வேலையெல்லாம் செய்யலாமுங்களா சார்?"

"தாராளமா."

என் தங்கை ஸ்ட்ரெச்சரில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் ஃபிலிமைப் பார்த்த நேரத்தில் கால்வாசிகூட அவளைப் பார்க்கவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது அவர் கடமை. அதைச் சரியாகவே பார்த்தார். அதற்கு நன்றி. 'ஒண்ணுமில்லை' என்று சொன்னதற்கும் அந்தத் 'தாராளமா'வுக்கும்தான் நான் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். ரத்தம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எலும்பு முறியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே இல்லை என்று சொல்ல அந்த ஃபிலிமுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் அந்த ஒரு சொல் நுழைந்துவிட்டால் அதை யாராலும் வெளியே தள்ள முடியாது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்காரர்களுக்கு வீடு வேறு, தறிக்கூடம் வேறு இல்லை. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடும். காலையில் கரண்டு வந்ததும் தொடங்கினால் கரண்டு போனால்தான் நிற்கும். வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அவர்களுக்கு அது கத்தலாகத் தெரியாது. அங்கே பிறந்த குழந்தை தறிச் சத்தத்தில்தான் தூங்கும், சத்தம் நின்றால் எழுந்து அழும். இதைப் பெருமையாகவே சொல்வார்கள். என் தங்கையும் கல்யாணமான இரண்டு வருஷத்தில் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தாள். அத்தனை தறிக்கும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டு, நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிந்துகொண்டு, சமையலும் செய்தாள்.

விழுந்த மறுநாள் முதல் பார்க்க வந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வழக்கத்தின் கனம் தெரியாது. எங்கள் ஜனங்களில் ஒருவருக்கு அடிபட்டால் ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், முழுதும் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்க்க வராதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போக மாட்டோம், அவர்களும் வர மாட்டார்கள். ஆகவே வந்தார்கள். பிரட், ஆப்பிள், சாத்துக்குடி. டெம்போ வைத்துக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள். அவள் படுத்திருந்த அறைக்குள் ட்யூப்லைட்டைப் போட்டார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்கள்.

"எப்புடீங்க அம்மணி உழுந்தீங்க?"

அவள் சொன்னாள். அடுத்த கூட்டம் வந்தது. "எப்புடீங்க கண்ணு உழுந்தது?" மறுபடி சொன்னாள். பாதியில் வார்த்தை வராமல் நிற்கும். அப்போது மாப்பிள்ளை எடுத்துக்கொள்வார். 'நாம எங்க போயிட்டு வாரோம்' என்று அவள் வழிநெடுகக் கேட்டதை அவள் குரலிலேயே நடித்துக் காட்டுவார். கூட்டம் சிரிக்கும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். பயந்துபோனதைச் சிரித்துத் தீர்த்துக்கொண்டார். ஆனால் நான் அந்த அறை வாசலில் நின்று அதை மூன்று கூட்டத்துக்குப் பார்த்தேன். மூன்றுமுறையும் அவள் முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.

புரட்டாசி வந்தது, ஐப்பசி வந்தது. தலைவலி போகவில்லை. வெளிச்சம் ஆகவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். குழம்புக்கு இரண்டுமுறை உப்புப் போட்டாள். தறிக்குப் பக்கத்தில் போனால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதற்கும் கோபப்படாதவள் ஒருநாள் டம்ளரைச் சுவரில் எறிந்தாள். நான் பார்க்கப் போயிருந்தபோது சொன்னாள்: "தறி சுவத்துக்கு அக்கட்ட ஓடலீங்ணா. என்ற தலைக்குள்ள ஓடுது. கரண்டு போனாலும் இது நிக்கறதில்ல."

மாமியார் வெளியிலிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தத் தறியில ஒரு நாளைக்கு எத்தன மீட்டருங்க அம்மணி ஓடுது? சேலத்துச் சந்தைக்கு அனுப்பலாமுங்களா?"

அந்த நகைச்சுவையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நன்றாகத்தான் சொன்னார், அதனாலேயே ஊரெல்லாம் பரவியது.

நான் புத்தகம் படிப்பவன். எதற்கும் முதலில் அச்சில் என்ன இருக்கிறது என்று தேடுவது என் வழக்கம். என்னோடு படித்தவன் ஒருவன் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தான். அவன் தயவில் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நூலகத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மருத்துவ அகராதி. வாசித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. அதில் ஒன்றும் புதிதாக இல்லை. அதுதான் காரணம். அவள் சொன்னதெல்லாம் அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது.

மண்டையோட்டுக்குள் மூளை மிதக்கிறது. தலை சட்டென்று நிற்கும்போது மூளை உடனே நிற்பதில்லை, ஆடுகிறது, முறுகுகிறது. அந்த முறுக்கில் தலைமுடியைவிட மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. அறுந்த இழை ஸ்கேனில் தெரியாது. ஸ்கேனுக்கு ரத்தமும் எலும்பும்தான் தெரியும். தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, மறதி, தூக்கமின்மை, எரிச்சல். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம் எழுதியிருந்தது. அதைப் படித்த அன்று நான் நூலகத்திலிருந்து எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். அடிபட்ட அன்றே உட்காரவைத்து, 'இன்னின்னது வரும், பயப்படாதே, வேலையைக் குறை, ஓய்வெடு, போய்விடும்' என்று சொல்லி அனுப்பினாலே நோயாளி பெருமளவு தேறிவிடுகிறாள். அவ்வளவுதான். மருந்தில்லை, ஊசியில்லை. ஐந்து நிமிஷப் பேச்சு. அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் 'தாராளமா' என்ற ஒரு சொல்லில் முடித்திருந்தார்கள்.

வேறு சிலவும் படித்தேன். மேல்நாட்டில் விபத்தில் அடிபட்டவர்கள் இழப்பீட்டுக்காக நடிக்கிறார்களா இல்லையா என்று படித்தவர்கள் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையைப் படித்தபோது சோமனூர் சமையலறையில் நிற்பது போலவே இருந்தது. பாஷைதான் வேறு. பந்தாட்டக்காரர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் அடிபட்ட பிறகு எப்போது மறுபடி ஆட இறங்கலாம் என்று அந்த வருஷங்களில்தான் விதிகள் வகுத்துக்கொண்டிருந்தார்கள். நல்லது. ஆனால் மொபெட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போய் விழுந்த ஒரு பெண் எப்போது மறுபடி தறிக்கூடத்துக்குள் போகலாம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கள் சாலைகளில் தினமும் விழுகிறார்கள். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய் உலை வைக்கிறார்கள். அவர்களை எந்த ஆராய்ச்சிக்காரரும் எண்ணியதாகத் தெரியவில்லை. இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர், 'லேசான' மூளைக் காயம். உயிர் போகவில்லையே, அதனால் லேசு. தாங்குகிறவளைக் கேட்டு வைத்த பெயர் இல்லை.

படித்ததை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க என்னங்க வேலை பாக்கறீங்க?" என்றார்.

"மில்லுல, டைம் ஆபீஸுங்க."

"பொறவு எதுக்குங்க இதையெல்லாம் போட்டுக் கொழப்பிக்கறீங்க? ஸ்கேன் நார்மல். வேணும்னா மனநல டாக்டர்கிட்டக் காட்டுங்க."

அவர் சொன்னதைத் தங்கையின் வீட்டில் நான் சொல்லவில்லை. என்னோடு மாப்பிள்ளையும் வந்திருந்தார், அவர் சொல்லிவிட்டார். அதுவரை அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பெயர்தான் இருந்தது, நடிக்கிறாள் என்று. அன்றுமுதல் இரண்டாவதும் சேர்ந்தது, பைத்தியம் என்று. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

நான் மாமியாரிடம் உட்கார்ந்து விளக்கினேன். அறுந்த இழை என்றால் தறிக்காரருக்குப் புரியும் என்று நினைத்தேன். "பாவு நூலு உள்ள எங்கியோ அறுந்து கெடக்குதுன்னு வெச்சுக்குங்க அத்தை. துணிக்கு மேல பாத்தாத் தெரியாது. ஆனாத் தறி ஓடாது."

"அறுந்தா நாங்க முடிஞ்சு போட்டு ஓட்டறோமுங்க. உங்க தங்கச்சி முடியவே மாட்டேங்குதே, என்ன பண்றது?"

"புஸ்தகத்துல தெளிவா எழுதியிருக்குதுங்க."

"புஸ்தகத்துல எல்லாந்தானுங்க எழுதுவாங்க. மாமியாக்காரி நல்லவன்னு எந்தப் புஸ்தகத்துலயாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

1995 தை மாதம் அந்த வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளையின் தங்கைக்கு. என் தங்கை வீட்டுக்கு ஒரே மருமகள். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லி வரவேற்க வேண்டியது அவள்தான். இந்த 'வாங்க'வைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மரியாதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பந்தியில் இலை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் கண்ணைப் பார்த்து வாங்க என்று சொல்லாவிட்டால் வந்தவர் வந்த வழியே திரும்புவார். மூன்று தலைமுறைக்கு அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

நான் மாப்பிள்ளையிடம் முதல்நாளே சொன்னேன். "மாப்ள, அவள அங்க நிறுத்தாதீங்க. மேளமும் மைக்கும் தாங்காது அவளுக்கு. வேற யாரையாச்சும் நிக்கச் சொல்லுங்க."

"ஒரு ரெண்டு மணி நேரந்தானுங்க மச்சான். நிக்கலீன்னா எங்கய்யன் தல குனிஞ்சு போயிருமுங்க."

நின்றாள். முகூர்த்தத்துக்கு முந்திய நேரம், கூட்டம் அலைமோதியது. ஒலிபெருக்கிக் குழாய் வாசலுக்கு நேர் மேலே கட்டியிருந்தது. நாயனமும் தவுலும் பக்கத்திலேயே. வீடியோக்காரன் அந்த வெள்ளை விளக்கை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். நான் உள்ளே பந்தி வேலையில் இருந்தேன். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா, குடும்பத்துக்கு மூத்தவர், பக்கத்து ஊரிலிருந்து இருபது பேரோடு வந்து இறங்கினார். என் தங்கை அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே நடந்தாள். டெம்போவுக்குள் ஏறி, சீட்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இந்த ஊட்டு மருமக வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாத கல்யாணத்துல எனக்கென்னடா வேல?" என்று திரும்பி நடந்தார். மாப்பிள்ளையின் அப்பா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்துவந்தார். தாலி கட்டும்போது மண்டபத்தில் பாதிப் பேர் மணமக்களைப் பார்க்கவில்லை. டெம்போவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் டெம்போக் கதவைத் திறந்தேன். அவள் நிமிரவில்லை. "அண்ணா, அந்த லைட்டை அணைக்கச் சொல்லுங்கணா" என்று மட்டும் சொன்னாள். அங்கே லைட் எதுவும் இல்லை.

அன்றே பொழுதுசாய என்னைக் கூப்பிட்டார்கள். "கூட்டிட்டுப் போங்க. கொஞ்ச நாள் உங்க ஊட்டுல இருந்து குணமாகி வரட்டும்." குணமாகி என்று சொன்ன அதே வாயில் மாசி மாதத்துக்குள் வேறு பேச்சு வந்தது. அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே இந்தப் பைத்தியம் இருந்திருக்கும், மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று. அதற்கு அடுத்த பேச்சு என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பிப்பார்கள். என் தங்கைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவள் திரும்பிப் போவாளா, இல்லை எங்கள் வீட்டிலேயே கிடந்து ஊர்வாயில் பைத்தியமாக வாழ்வாளா என்பது, ஒரு வயதான மனிதரின் காதில் விழாத ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

எங்கள் வீடு சந்தின் கடைசியில். அம்மா சன்னலுக்குக் காடாத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டினார். ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். குக்கர் விசிலுக்கும் அவள் துடித்ததால் சோற்றைப் பானையில் வடித்தார். பார்க்க வந்தவர்களை நான் வாசலிலேயே நிறுத்தினேன். என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். இருக்கட்டும். சித்திரைக்குள் அவள் இருட்டறையை விட்டு வெளியே வந்தாள். ஆனியில் செய்தித்தாளில் ஒரு பத்தி படித்தாள். மறுநாள் இரண்டு பத்தி. ஆடியில் தானாகவே ரசம் வைத்தாள், உப்பு ஒருமுறைதான் போட்டாள். மருந்து எதுவும் மாறவில்லை. சத்தத்தை நிறுத்தினோம், வெளிச்சத்தை நிறுத்தினோம், நம்பினோம்.

இதற்கிடையே வைகாசியில், அந்தப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் சமாதானம் பேச வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டுக்கு அவள் போய், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் திரும்ப அழைத்துக்கொள்வார்களாம். "தப்பு நடந்துபோச்சுங்க, அதுக்கொரு வழி பண்ணணுமில்லீங்க" என்றார் ஒருவர்.

அம்மாதான் பதில் சொன்னார். "தப்பு நடந்துச்சுங்க. அடிபட்ட புள்ளய ஸ்பீக்கருக்குக் கீழ நிறுத்துனாங்க. அதுக்கு எப்ப மன்னிப்புக் கேக்க வாறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

காப்பியை முடிக்காமல் எழுந்து போனார்கள். அதன்பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்கு மற்ற யார் மீதும் இருந்ததைவிட மாப்பிள்ளை மீதுதான் கோபம் அதிகம். ஏனென்றால் அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, விரட்டவில்லை. சும்மா இருந்தார். நல்லவர்கள் சும்மா இருப்பதைப் போல ஒரு பெண்ணைக் கொல்வது வேறில்லை.

ஆவணியில் அவரே வந்தார். விழுந்து சரியாக ஒரு வருஷம். மொபெட்டில் வரவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இருக்குதுங்களா?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரர் ஒருவர் மெதுவாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

அவள் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"தோட்டத்துக்குள்ள சாளை வீடு ஒண்ணு வாடகைக்குப் பாத்திருக்கறேன்" என்றார். "ஊருக்கு வெளிய. சுத்திலும் சோளக்காடு. தறிச் சத்தம் கேக்காது."

"கேக்காதுன்னு யாரு சொன்னாங்க?" என்றாள் அவள்.

"நானே போயி ஒரு நாள் பூரா உக்காந்து பாத்தேன். கரண்டு போகாத நாளாப் பாத்துத்தான் போனேன்."

பிறகு அவரே சொன்னார்: "நான் அதுலயே பொறந்து வளந்தவன். எனக்குச் சத்தம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. நீ போன பொறவு ஒரு நாளு கரண்டு போச்சு. திடீர்னு எல்லாம் நின்னுபோச்சு. அப்பத்தான் இதுக்குள்ளயா உன்னைய ஆறு மாசம் படுக்க வெச்சோம்னு தோணுச்சு."

"இது தோண ஒரு வருஷமாச்சுங்களா மாப்ள?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று அம்மா பிறகு சொன்னார். இப்போதும் கேட்பேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். அவள் கேட்டாள்: "பெரிய மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கோணுமா?"

"வேண்டாம். பால் காய்ச்சறன்னிக்கு வருவாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லீரு. அதோட அத்தனையும் முடிஞ்சுரும்."

அவள் சிரித்தாள். ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நல்ல சிரிப்பு இல்லை அது.

ஆவணி கடைசியில் பால் காய்ச்சினார்கள். எளிமையாக என்று சொல்லியிருந்தும் ஒரம்பரை வந்துவிட்டது. இரண்டு டெம்போ, பித்தளைக் குடம், சேலை வேட்டி, ஆப்பிள். என் தங்கை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒவ்வொருவரையும் கண்ணைப் பார்த்து வாங்க என்றாள். பெரியவர் கடைசியாக இறங்கினார். கேட்டைத் தாண்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளக்காட்டைப் பார்த்தபடி நின்றார்.

என் தங்கை கேட் வரைக்கும் நடந்து போனாள். "வாங்க மாமா."

"அப்பா! இந்த ஒரு வார்த்தைக்கு ஏழெட்டு மாசம் காத்துக் கெடந்தேன் அம்மணி" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"கல்யாணத்தன்னிக்கே குடுத்திருப்பேனுங்க மாமா. அன்னிக்கு எங்கிட்ட இல்ல. இப்ப நெம்ப இருக்குது. இன்னும் வேணுமுங்களா? வாங்க. வாங்க. வாங்க. போதுங்களா?"

பிறகு யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் உரக்கச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். குத்து அவருக்குப் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பந்தியில் என் காதுபடப் பேசிக்கொண்டார்கள். "புள்ள நல்லாத்தான் இருக்குது. அப்பவே சொன்னேனில்ல, ஒண்ணுமில்லைன்னு." அதற்கு இன்னொரு அம்மாள்: "தலவலி தலவலின்னு சொல்லியே தனிக்குடித்தனம் வந்துட்டா பாத்தீங்களா? நமக்கெல்லாம் இந்த ரோசன தோணலியே!"

அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. இன்றும் அந்த ஊர்ப்பக்கம் கேட்டால் என் தங்கை தனிக்குடித்தனத்துக்காக ஒரு வருஷம் நடித்த கெட்டிக்காரி. அடிபட்டவள் என்று யாருக்கும் நினைவில்லை.

அன்றிரவு அம்மாவும் நானும் அங்கேயே தங்கினோம். மறுநாள் அவளால் எழ முடியவில்லை. நூறு பேருக்கு வாங்க சொன்னதற்கு விலை அது. சன்னலை மூடி, தலையில் ஈரத்துணியைப் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். காலையில் கேட்டில் ஆள் குரல். முந்தினநாள் வர முடியாமல் போன ஒரு அத்தை, கையில் ஆப்பிள் பையோடு. நான் எழுவதற்குள் மாப்பிள்ளை போய்விட்டார்.

"வாங்கத்தே" என்றார். பிறகு கேட்டைத் திறக்காமல், அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு உள்ள வேண்டாமுங்க. அவளுக்குத் தலையில அடிபட்டிருக்குது."

"அது போன வருசமில்லப்பா?"

"ஆமாங்க. இன்னும் இருக்குதுங்க."

அத்தை பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கோபம் அந்தக் குடும்பத்தோடு இன்னும் இருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. மாப்பிள்ளை மேல் எனக்கிருந்த கோபத்தில் ஒரு பங்கு அன்று கேட்டடியில் இறங்கியது. மற்றதெல்லாம் இருக்கிறது.